ஏழு மூன்றும் ஒரு ஒன்றும்

ரெதேயெஃப்,
4 நவம்பர் 1973

அன்புத் தம்பி மொன்ஜிக்கு,

சலாம். நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை.

பெருநாளுக்கு ஸ்ஃபாக்ஸ் போய், அமோர் அண்ணன் வீட்டில் அம்மாவோடு இருந்துவிட்டு வந்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மாவுக்கு உன் பேச்சுதான். "என் சின்னவன் பிரான்ஸ்ல கம்ப்யூட்டர் படிக்கிறான். அடுத்த கோடைக்கு இன்ஜினீயரா வந்து இறங்குவான்." பக்கத்து வீட்டு கதூஜா, "அது என்னடி மிஷின், மாவு அரைக்குமா?" என்று கேட்டுவிட்டாள். "உன் வாய்தான் நல்லா அரைக்குதே, வேற மிஷின் எதுக்கு?" என்றாள் அம்மா. இரண்டு பேரும் பெருநாள் அன்று பேசிக்கொள்ளவில்லை.

நீ கடைசியாக எழுதியது ஆகஸ்டில். குறையாகச் சொல்லவில்லை. படிப்பு இருக்கும்.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். போன மாதம் ஒரு பாடவேளை வீணாகப் போகிறதே என்று கரும்பலகையில் 31 என்று எழுதினேன். பகா எண். முன்னால் ஒரு மூன்றைச் சேர்த்து 331. அதுவும் பகா எண். 3331, 33331, 333331, எல்லாமே அப்படித்தான். என் வகுப்புப் பெண்களுக்கு வெறி பிடித்துவிட்டது. 3333331ஐ ஆளுக்குப் பத்து வகுத்திகளாகப் பங்கு போட்டு, வகுப்பே ஒரு வாரம் உட்கார்ந்து வகுத்தது. எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. இப்போது அடுத்தது: 33333331. ஏழு மூன்றும் ஒரு ஒன்றும். வகுத்திகளை 5773 வரை பார்த்தால் போதும். அதற்கு மேல் போனால் ஈவு வகுத்தியைவிடச் சின்னதாகிவிடும், அந்தச் சின்னதை ஏற்கெனவே பார்த்திருப்போம். ஆனாலும் பகா எண்களால் மட்டும் வகுத்தாலே எழுநூற்றுச் சொச்சம் வகுத்தல். இதற்குள் பள்ளி இன்ஸ்பெக்டர் பூராவி வந்து, பாடத்தை விட்டுவிட்டு என்ன விளையாட்டு என்று கத்திவிட்டுப் போய்விட்டார்.

எத்தனை மூன்று சேர்த்தாலும் பகா எண்ணாகவே இருக்கும் என்று நான் நம்பவில்லை. எங்கேயோ உடையத்தான் போகிறது. எங்கே என்று பார்க்க ஆசை. உங்கள் பல்கலைக்கழக மிஷினுக்கு இது ஒரு நிமிட வேலையாமே. போட்டுப் பார்த்து எழுது.

குளிருக்கு முன் கம்பளி எடுத்து வைத்துக்கொள். சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

உன் அக்கா,
சுஹைரா

லியோன்,
25 நவம்பர் 1973

அருமை அக்காவுக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் என் சலாம். அம்மாவின் முழங்காலுக்கு இறைவன் ஆறுதல் தரட்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை.

உன் எண்ணைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நீ மாறவே இல்லை. சின்ன வயதில் ரயில் பெட்டி எண்களை வகுத்துக்கொண்டே நின்று இரண்டு பேரும் ரயிலைத் தவறவிட்டோமே, அது ஞாபகம் வந்தது.

மிஷின் அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. உள்ளே நுழைந்தாலே சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு சூடு. ஓட ஆரம்பித்தால் தரை அதிரும். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது, கையைக் காட்டித்தான் பேசிக்கொள்வோம். பொறுப்பாளர் ரெனே கறாரான மனிதர். உன் எண்ணைப் பற்றிச் சொன்னேன். "வரிசையில நில்லு. உன் அக்காவோட எண் எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார். பேராசிரியர்களின் வேலைகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. அவை முடிந்ததும் போடுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

தாஹர் என்று ஒரு அல்ஜீரிய நண்பன் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து சமைப்போம். அவன் கோதுமை ரவையில் செய்கிற குஸ்குஸ் கட்டிகட்டியாக இருக்கும். "எங்க அம்மா கைப்பக்குவம் வரலடா" என்பான். "உங்க அம்மாவே வந்தாலும் இந்தப் பாத்திரத்துல வராது" என்பேன். என் அறையிலிருந்து பார்த்தால் நதி தெரியும். தேர்வுகள் நன்றாகப் போகின்றன. பேராசிரியர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

அம்மாவிடம் கதூஜாவோடு பேசச் சொல். அண்ணனுக்கு என் வணக்கம்.

தம்பி,
மொன்ஜி

ரெதேயெஃப்,
16 டிசம்பர் 1973

அன்புள்ள மொன்ஜி,

சலாம். உன் கடிதம் வந்து சேர்ந்தது. இரண்டு தடவை படித்தேன். நீ நலம் என்று எழுதியது போதும்.

இங்கே குளிர் எலும்பு வரை போகிறது. பாஸ்பேட் சுரங்கத் தூசி குளிரோடு சேர்ந்தால் ஜன்னலைத் திறக்க முடியாது. ஆசிரியர் குடியிருப்பில் பக்கத்து அறைப் பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். இந்த வரிசையில் இப்போது என் விளக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சுரங்க ரயில் கிளம்பும் சத்தத்துக்குப் பிறகு திங்கள் காலை மணியடிக்கும் வரை என் காதில் மனுஷக் குரல் விழாது. சில நேரம் பாடக்குறிப்பை உரக்கப் படித்துக்கொள்வேன், தொண்டை இருக்கிறதா என்று பார்க்க. இதைப் படித்துக் கவலைப்படாதே. பழகிவிட்டது.

பூராவி மறுபடி வந்தார். இந்தத் தடவை நானே விடவில்லை.

"சார், வசந்த கால ஆசிரியர் கூட்டத்துல எனக்கு கால் மணி நேரம் கொடுங்க. இந்த எண்ணைப் பத்திச் சொல்றேன்."

"எதை வெச்சு சொல்வீங்க? பொண்ணுங்க வகுத்த சிலேட்டை வெச்சா?"

"என் தம்பி லியோன்ல இருக்கான் சார். அங்கே கம்ப்யூட்டர்ல போட்டுத் தரப் போறான்."

கம்ப்யூட்டர் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. "அப்படின்னா பாக்கலாம்" என்று சொல்லி, கஃப்ஸாவில் நடக்கிற கூட்டத்துக்கு என் பெயரை எழுதிக்கொண்டார். ஏப்ரல் இருபதாம் தேதி. பெண்கள் தினமும் கேட்கிறார்கள்: "டீச்சர், மிஷின் என்ன சொல்லுச்சு?"

இன்னொரு செய்தி. ஸாலா மாமாவின் மகள் நஜியாவை உனக்குப் பேசுகிறார்கள். அண்ணன் ஏறக்குறைய வாக்கே கொடுத்துவிட்டார். இன்ஜினீயர் மாப்பிள்ளை என்று மாமா வீட்டில் ஒரே ஆரவாரம். உன் மனதில் என்ன இருக்கிறது என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா,
சுஹைரா

லியோன்,
10 பிப்ரவரி 1974

அன்புள்ள அக்கா,

சலாம். இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மிஷின் பழுதாகிக் கிடந்தது. நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

33333331 பகா எண்.

5773 வரை உள்ள எதுவும் அதை வகுக்கவில்லை. கடைசி வகுத்தி 5749, அதில் மீதி 629. நாலாயிரத்தைத் தாண்டிய பிறகு, இவ்வளவு தூரம் வந்துவிட்டு எங்காவது உடைந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. உடையவில்லை. கெட்டியான எண்.

மிஷின் அச்சடித்த காகிதத்தை வெளியே எடுத்துப் போக அனுமதி இல்லை. அதனால் இதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். உன் பெண்களிடம் என் வாழ்த்தைச் சொல்.

நஜியா விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல். படிப்பு முடியட்டும். கண் எரிகிறது, இதோடு நிறுத்துகிறேன்.

தம்பி,
மொன்ஜி

ரெதேயெஃப்,
22 பிப்ரவரி 1974

என் செல்லத் தம்பிக்கு,

சலாம், ஆயிரம் சலாம். உன் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். பெண்கள் பெஞ்சைத் தட்டிய தட்டில் தலைமை ஆசிரியை ஓடி வந்துவிட்டார். "யாருக்கு என்ன ஆச்சு?" "ஒண்ணும் ஆகல மேடம், ஒரு எண் உடையல" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

பூராவிக்கு எழுதிவிட்டேன், லியோன் கம்ப்யூட்டர் உறுதி செய்துவிட்டது என்று. இந்த ஊருக்கு வந்த நாள் முதல் நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஆசை விடவில்லை, இன்னொரு உதவி. இன்னும் ஒரு மூன்றைச் சேர்த்து, 333333331. இதற்கு வகுத்திகள் பதினெட்டாயிரத்துக்கும் மேல் போகும். கையால் நினைத்துப் பார்க்க முடியாது. மிஷின்தான் சரியாகிவிட்டதே. கூட்டத்துக்கு முன் தெரிந்தால் அங்கே சொல்லிவிடுவேன். ரெனேவிடம் என் பெயரைச் சொல்லிக் கெஞ்சு. அவருக்கு ஒரு பெட்டி பேரீச்சம்பழம் அனுப்புகிறேன்.

கண் எரிச்சலுக்கு மருத்துவரைப் பார்த்தாயா? அசட்டையாக விடாதே.

அக்கா,
சுஹைரா

லியோன்,
4 மார்ச் 1974

அன்புள்ள அக்கா,

சலாம். எல்லோரும் நலமா? நான் நலம். அவசரமாக எழுதுகிறேன்.

நீ கேட்ட ஒன்பது இலக்க எண்ணை மிஷினில் போட்டாயிற்று. நேற்று முழுக்க ஓடியது. பத்தாயிரம் வரை எதுவும் வகுக்கவில்லை. இதுவும் பகா எண்ணாகத்தான் இருக்கும் போல. மீதியைப் போட இன்னும் சில வாரங்கள் ஆகும். கூட்டத்துக்குள் முடியுமா என்று தெரியவில்லை, அதை நம்பி இருக்காதே. ரெனேவுக்குப் பேரீச்சம்பழம் வேண்டாம், அனுப்பிவிடாதே.

தம்பி,
மொன்ஜி

ரெதேயெஃப்,
14 மார்ச் 1974

அன்புள்ள மொன்ஜி,

சலாம். உன் கடிதம் நேற்று வந்தது. நான் நலம். அம்மாவும் நலம்.

ஒன்பது இலக்க எண்ணை விட்டுவிடு. மிஷினைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

உன்னிடம் வேறு சில கேட்க வேண்டும். அங்கே என்ன கோட்டுப் போட்டுக்கொள்கிறாய்? போகும்போது வாங்கியதா, அது இன்னும் தாங்குகிறதா? உன் அறை எத்தனையாவது மாடி? வெயில் வருமா? காலையில் என்ன சாப்பிடுகிறாய்? உடம்பு சரியில்லை என்றால் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? இதையெல்லாம் நான் ஏன் இதுவரை கேட்கவே இல்லை என்று நேற்று முழுக்க யோசித்தேன்.

பதில் எழுது. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

அக்கா,
சுஹைரா

ரெதேயெஃப்,
7 ஏப்ரல் 1974

அன்புள்ள மொன்ஜி,

சலாம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீ நலமாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நபிகள் பிறந்த நாளுக்குப் பைன் விதைக் கஞ்சி காய்ச்சினேன். ஒருத்திக்கு என்று காய்ச்சத் தெரியவில்லை, சட்டி நிறைய வந்துவிட்டது. பள்ளிக்கூடக் காவலாளி வீட்டுக்குப் பாதியைக் கொடுத்தேன். அவர் மனைவி, "டீச்சரம்மா, நீங்க ஏன் தனியா இருக்கீங்க, ஒரு பூனையாவது வளக்கக் கூடாதா?" என்றாள். பூனைக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது என்றேன்.

கூட்டத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

அக்கா,
சுஹைரா

ரெதேயெஃப்,
23 ஏப்ரல் 1974

அன்புத் தம்பி மொன்ஜிக்கு,

சலாம். உட்கார்ந்து நிதானமாகப் படி. இதில் கோபம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உன் மார்ச் மாதக் கடிதத்தை அப்படியே வகுப்புக்கு எடுத்துப் போனேன். "பத்தாயிரம் வரை எதுவும் வகுக்கவில்லை" என்று வாசித்தேன். கை தட்டினார்கள். மப்ரூகா என்று ஒருத்தி மட்டும் தட்டவில்லை, குனிந்து என்னவோ போட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், பதினேழால போகுது."

"இருக்காதும்மா. மறுபடி போடு."

"ரெண்டு தடவை போட்டுட்டேன் டீச்சர்."

நான் சாக்பீஸை எடுத்தேன். கரும்பலகையில் ஒவ்வொரு மூன்றாக இறக்கிக்கொண்டே போனேன். கடைசியில் மீதி ஐந்து நின்றது. பக்கத்தில் அந்த ஒன்றை இறக்கினேன். வகுப்பே சேர்ந்து கத்தியது: "பதினேழு மூணு ஐம்பத்தொண்ணு!"

கீழே சைபர். 333333331 என்பது பதினேழு பெருக்கல் 19607843.

"அப்போ மிஷின் தப்பா சொல்லுமா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"சொல்லாது" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. பத்தாயிரம் வரை ஓடிய எந்த மிஷினும் பதினேழைத் தாண்டிப் போயிருக்க முடியாது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, பாடப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன்.

அன்று உனக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டேன். மறுநாள் எழுதியதுதான் உனக்கு வந்தது, கோட்டைப் பற்றிக் கேட்டது.

அப்புறம் எனக்குப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. எட்டு இலக்க எண்ணையும் நீ பார்க்காமலே எழுதிவிட்டாயோ? பூராவிக்கு எழுதியாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று. கூட்டத்துக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. நானே வகுக்க உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் வருவேன், ரொட்டியை மென்றுகொண்டே வகுப்பேன். நாலாயிரத்தைத் தாண்டிய பிறகு பயமாக இருந்தது, இவ்வளவு தூரம் வந்துவிட்டு எங்காவது உடைந்துவிடுமோ என்று. கை அப்படியே நின்றுவிட்டது, மொன்ஜி. எழுந்து போய் உன் பிப்ரவரிக் கடிதத்தை எடுத்தேன். அதே வார்த்தைகள். மிஷினிடம் கொடுத்தவனுக்கு அந்தப் பயம் வராது. வகுத்தவனுக்குத்தான் வரும்.

5749க்கு வந்தேன். மீதி 629.

நீ உட்கார்ந்து வகுத்திருக்கிறாய். எழுநூற்றுச் சொச்சத்தையும். எனக்காக. நான் அந்தக் காகிதத்தின் மேல் தலையை வைத்து அழுதேன்.

கூட்டத்தில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். பெண்கள் நாங்கள் நாலு பேர். நான் சொல்லி முடித்ததும் பூராவி எழுந்தார்.

"எல்லாம் சரி. லியோன் கம்ப்யூட்டர் கொடுத்த காகிதம் எங்கே?"

"காகிதம் இல்ல சார். கம்ப்யூட்டரும் இல்ல. நான் உங்களுக்கு எழுதினது தப்பு."

"பின்னே யாரு வகுத்தது?"

"என் தம்பி."

பின்வரிசையில் சிரித்தார்கள். "அதுக்கு அப்புறம் நான்" என்றேன். இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

"அக்காவும் தம்பியும் வகுத்தா அது நிரூபணம் ஆயிடுமா?"

"சந்தேகம்னா நீங்களும் வகுங்க சார். எங்க ரெண்டு பேருக்கும் எல்லாத்துலயும் மீதி வந்துச்சு, மூணாவது ஆளுக்கு எதுலயாவது மீதியில்லாம போனா சொல்லுங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். அடுத்ததாகத் தேர்வு அட்டவணையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. யாரும் என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு ரயில் ஏறினேன். ஆனால் அவர்கள் சிரித்தது எனக்கு உறைக்கவே இல்லை. என் தம்பி என்று சொன்னபோது என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை, அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

அம்மாவிடமும் அண்ணனிடமும் நான் வாயைத் திறக்கவில்லை. நீ என்ன வேலை செய்கிறாய்? எங்கே இருக்கிறாய்? நீ சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நான் உன் அக்காதான்.

சுஹைரா

லியோன்,
12 மே 1974

அக்கா,

சலாம் சொல்லக்கூட எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நலமாக இரு.

முதல் வருடம் தேறினேன். இரண்டாம் வருடம் தோற்றேன், மறுபடி எழுதி மறுபடியும் தோற்றேன். உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். போன கோடைக்கு முந்தின கோடையில் இது நடந்தது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். அம்மா எல்லோரிடமும் சொல்லிவிட்டாளே என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு மாதம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். மிஷின் அறை என்று உனக்கு எழுதினேனே, அந்தச் சூடும் சத்தமும் தரை அதிர்வும் பொய் இல்லை. அது படுக்கை விரிப்பு துவைக்கிற மிஷின். ரெனே அங்கே மேஸ்திரி. தாஹர் என்னோடு விரிப்பு மடிப்பவன், அவனும் பொய் இல்லை. நதி தெரியும் என்றது பொய். என் அறை முற்றத்தைப் பார்த்து இருக்கிறது, வெயில் வராது. கோட்டு கிழிந்துவிட்டது, ஹோட்டலில் யாரோ விட்டுப் போன கோட்டு ஒன்றை ரெனே கொடுத்தார். நல்ல கோட்டு.

உன் எண் வந்தபோது, மிஷின் இல்லை என்று எழுத முடியவில்லை. கையால் வகுத்துவிட்டு மிஷின் சொன்னது என்று எழுதிவிடலாம் என்று நினைத்தேன். வேலை முடிந்து வந்து வகுப்பேன். தாஹர் எட்டிப் பார்த்து, "என்னடா, ஊர்க் கணக்கெல்லாம் நீதான் பாக்கிறியா?" என்பான். அக்கா, ஒன்று சொல்கிறேன், நம்பு. இங்கே வந்த பிறகு நான் மனது ஒன்றி இருந்தது அந்த இரண்டரை மாதம்தான். அந்த எண் பகா எண் என்று தெரிந்த அன்று எழுந்து நின்றேன். சொல்ல ஆள் இல்லை. தாஹர் தூங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்த எண்ணைக் கேட்டு எழுதினாய். என்னால் முடியாது என்று தெரியும். நாள் கடத்தலாம் என்று அந்தக் கடிதத்தை எழுதி, வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போட்டேன். மத்தியானம் சாப்பிடும்போது, சும்மா, ஆரம்பித்துப் பார்ப்போமே என்று ஒரு சீட்டில் வகுத்தேன். ஏழு, பதினொன்று, பதின்மூன்று. அடுத்ததே பதினேழு. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுத் தபால்பெட்டிக்கு ஓடினேன். எடுத்துப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து உன் கடிதங்களைப் பிரிக்கவே பயந்தேன். மூன்றையும் சேர்த்து இப்போதுதான் பிரித்தேன்.

அறுபது பேர் முன்னால் என் பேரை நீ ஏன் எடுத்தாய், அக்கா?

அம்மாவுக்கு நானே எழுதுகிறேன். நீ சொல்ல வேண்டாம்.

மொன்ஜி

ஸ்ஃபாக்ஸ்,
2 ஜூலை 1974

அன்புத் தம்பிக்கு,

சலாம். நான் நலம், விடுமுறைக்கு இங்கே வந்திருக்கிறேன். நீ அம்மாவுக்கு எழுதிய கடிதம் நான் இருக்கும்போதே வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அண்ணன்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"மிச்சத்தையும் படி" என்றாள் அம்மா.

முடித்ததும் கடிதத்தை மேஜை மேல் எறிந்தார். "இன்ஜினீயர்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். இனி எந்த மூஞ்சியோட ஸாலா மாமா வீட்டுப் படி ஏறுவேன்?"

"ஏறாதே" என்றாள் அம்மா.

"உனக்கு என்னம்மா, நீ வீட்டுக்குள்ள இருக்கே."

அம்மா மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்து மடித்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்: "நாள் முழுக்க சோப்புத் தண்ணியிலயா நிக்கிறான்? அவனுக்குக் குளிர்ல கை வெடிக்குமே. சின்னப் பிள்ளையிலேருந்தே வெடிக்கும்."  மறுநாள் காலை கதூஜா வந்து, "இன்ஜினீயர் எப்போ வராரு?" என்று கேட்டபோது, "அவன் ஹோட்டல்ல வேலை பாக்கிறான்" என்றாள், அடுப்பிலிருந்து தலையை எடுக்காமல். கதூஜா வந்த வழியே திரும்பிப் போனாள்.

நஜியாவுக்கு வேறு இடம் பார்க்கிறார்கள். இந்த வருடம் நீ ஸ்ஃபாக்ஸ் வர வேண்டாம் என்று எழுதச் சொன்னார் அண்ணன். எழுதிவிட்டேன். அவர் கோபம் ஆற நாளாகும்.

நான் சொல்வது வேறு. ரெதேயெஃபுக்கு வா. அங்கே உன்னை யாருக்கும் தெரியாது, கேள்வி கேட்க ஆள் இல்லை. பக்கத்து அறை இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

ஏன் உன் பேரை எடுத்தாய் என்று கேட்டிருந்தாய். வேறு யார் பேரை எடுப்பேன்?

அம்மா ஒரு புட்டி ஆலிவ் எண்ணெய் கொடுத்திருக்கிறாள். மார்செய்க்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். படுக்கும் முன் கையில் தடவிக்கொள்ளச் சொன்னாள்.

அக்கா,
சுஹைரா

லியோன்,
29 செப்டம்பர் 1974

அன்புள்ள அக்கா,

சலாம். நீயும் அம்மாவும் நலமா? அண்ணனும் நலமாக இருக்கட்டும்.

லீவு கிடைக்கவில்லை என்று எழுத இருந்தேன். கிடைத்தது. ஆகஸ்டில் மார்செய் துறைமுகம் வரை போனேன். கப்பல் நின்றுகொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் மெத்தைகளும் அண்டாக்களும் சைக்கிள்களுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஸ்ஃபாக்ஸ்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். நான் வரிசையை விட்டு விலகினேன். கப்பல் போகும் வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த கோடைக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. முயற்சி செய்கிறேன்.

எண்ணெய் வந்து சேர்ந்தது. வழியில் பாதி சிந்திவிட்டது. மீதியைத் தடவுகிறேன், கை பரவாயில்லை. தாஹர் அல்ஜீரியாவுக்கே திரும்பிப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத்தான் சமைக்கிறேன்.

வேறு செய்தி இல்லை. பொய் சொல்லாமல் எழுதினால் என் கடிதம் இவ்வளவுதான் வருகிறது, அக்கா. ஆனாலும் நீ எழுது.

தம்பி,
மொன்ஜி